சாமி வரிசை

முதல் சங்கு ஊதியபோது கிழக்கே வானம் சாம்பல் பூத்துத்தான் கிடந்தது. ஆனாலும் பருத்தி அரவை மில்லின் வாசலில் பெண்கள் வந்து நிறைந்துவிட்டார்கள். சித்திரை மாதம், கரிசல் காட்டுப் பருத்தி வண்டி வண்டியாகக் கோவில்பட்டிக்கு வந்து இறங்கும் காலம். முந்தின பகலில் வாங்கிய சூட்டை மண் இன்னும் விட்டபாடில்லை. செருப்பில்லாத கால்களுக்கு அது தெரிந்தது.

வாசலில் மேஸ்திரி பூவனலிங்கம் நின்றான். உள்ளே போகும் ஒவ்வொருத்தியிடமும் அவனுக்கு ஒரே கேள்விதான்.

"சுத்தமா?"

"சுத்தந்தான்."

"நீ?"

"சுத்தம்."

மாதவிலக்கு வந்து தூரமான பெண் மில்லுக்குள் கால் வைக்கக் கூடாது. முதலாளி செண்பகராஜின் அப்பா காலத்தில் ஒருமுறை பாய்லர் வெடித்தது. அதன் பிறகு பாய்லர்ச் சுவரில் மாடம் குடைந்து மாடசாமியை வைத்து விளக்கேற்றினார்கள். அன்றிலிருந்து இந்தச் சட்டம். தூரமானவள் மூன்று நாள் வீட்டில் கிடக்க வேண்டும்; கூலி கிடையாது. மாடத்தை ஒட்டி ஓடும் மிஷின்களில், தூரம் அடியோடு நின்றுபோன பெண்கள் மட்டுமே நிற்கலாம். சாமிக்கு முன்னால் வேலை செய்யும்போது ஒருத்திக்கு வந்துவிட்டால் என்ன ஆவது என்று பெரிய முதலாளி பயந்திருந்தார். அந்த மிஷின்களுக்குச் சாமி வரிசை என்று பெயர்.

சாமிக்குப் பின்னால்தான் பாய்லர். பருத்திமார் விறகும் கடலைத்தொலியும் அதில் இரவும் பகலும் எரிந்தன. சுவரில் கை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். எதிர்ச் சுவரில் முன்பு ஒரு பெரிய சன்னல் இருந்தது. காற்றில் பஞ்சு பறக்கிறது, சாமி விளக்கு அணைகிறது என்று செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். பஞ்சு நனைந்தால் விலைக்கு ஆகாது என்று தண்ணீர்ப் பானையும் உள்ளே வரக் கூடாது. அது முற்றத்துக் கடைசியில், வேப்பமரத்தடியில் இருந்தது.

பெத்தம்மாளுக்கு நாற்பத்தெட்டு வயது. போன ஐப்பசியிலேயே அவளுக்கு நின்றுவிட்டது. அதை அவள், சாமி வரிசையில் நிற்கும் நேசம்மாளைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

"மாசாமாசம் மறக்காமத் தூரமாயிரு, ஏட்டி," என்று நேசம்மாள் சொல்லியிருந்தாள். "நான் உண்மையச் சொல்லி மாட்டிக்கிட்டேன். கோயில்ல பாதிரியாரே என்னைய இப்படிக் கேட்டதில்ல. இந்தப் பூவனலிங்கம் கேக்கான்."

பெத்தம்மாள் அப்படியே செய்தாள். மாதம் தவறாமல் மூன்று நாள், இல்லாத தூரத்துக்காகக் கூலியை இழந்து, குடிசைக்குள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பூவனலிங்கத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மில்லில் உள்ள அத்தனை பெண்களின் நாளும் அவனுக்கு மனப்பாடம். அதனால் அவளும் நாள் பிசகாமல் பொய் சொல்ல வேண்டியிருந்தது.

அன்று காலை வரிசையில் நிற்கும்போது நேசம்மாள் தன் கையை நீட்டினாள்.

"தொட்டுப் பாரு. ராத்திரியெல்லாம் பாய் நனைய வேர்த்துச்சு. ஒரு பொட்டுக் கண் மூடல. இப்ப என்னடான்னா வேர்க்கவே மாட்டேங்கு."

பெத்தம்மாள் தொட்டாள். வெயிலில் கிடந்த ஓட்டைத் தொட்ட மாதிரி இருந்தது.

"அக்கா, இன்னைக்கு வேண்டாம். திரும்பிப் போயிருங்க."

"போனா? சாமி வரிசைக்கு ஆளு கொறஞ்சா யாரைப் பாப்பான்? உன்னையத்தான் பாப்பான்." நேசம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "பேசாம வா."

உள்ளே ஷாப்ட் சுற்றத் தொடங்கியது. அதிலிருந்து மிஷின்களுக்கு ஓடும் தோல் வார்கள் படபடத்தன. கூடையிலிருந்து பருத்தியை அள்ளி, உதறி, ஓடும் தோல் உருளையின் வாயில் சீராகப் போட வேண்டும். கொட்டை கீழே உதிரும். பஞ்சு முன்னால் வழியும். ஒரு பிடி கூடினால் மிஷின் திணறும். ஒரு பிடி குறைந்தால் மேஸ்திரி திணறடிப்பான். மூக்கையும் வாயையும் சுற்றித் துணி. இமையெல்லாம் பஞ்சு படிந்து இளம்பெண்களும் நரைத்துத் தெரிந்தார்கள்.

பெத்தம்மாள் நின்றது நடு வரிசையில். தூரம் நின்றதிலிருந்து பழகிப்போன அந்தக் காந்தல் அங்கேயே அவளுக்கு வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் வரும். நெஞ்சுக்குழியில் யாரோ விறகைத் தள்ளி ஊதிவிட்ட மாதிரி தொடங்கி, கழுத்தில் ஏறி, காது வரை தீயாய்ப் பரவும். படபடவென்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். பிறகு வேர்வை கொட்டி உடம்பு வெலவெலத்துப் போகும். இளவயதில் இதே சித்திரையில், இதே மிஷினில் பாட்டுப் பாடிக்கொண்டு நின்றவள்தான் அவள். இப்போது வெளியே ஒரு வெக்கை, உள்ளே ஒரு வெக்கை. இரண்டுக்கும் நடுவில் ஒரு தோல். சுவரோரம் நிற்பவளுக்கு எப்படி இருக்கும் என்று நினைக்காத நாள் இல்லை.

உச்சிப்பொழுது சாய்ந்த நேரத்தில் நேசம்மாள் மூக்குத் துணியை அவிழ்த்து எறிந்தாள். மிஷினைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஞானமுத்து, ஒரு செம்பு தண்ணி எடுத்துட்டு வாரும்," என்றாள்.

ஞானமுத்து அவள் புருஷன். அவன் செத்துப் பல வருஷமாகிவிட்டது.

பெத்தம்மாள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். அதற்குள் நேசம்மாள் பருத்திக்கொட்டைக் குவியலில் உட்கார்ந்து, அப்படியே சாய்ந்துவிட்டாள். உடம்பு கொதித்தது. தோலில் ஈரமே இல்லை.

"வாரைத் தள்ளுங்க. மிஷினை நிறுத்துங்க."

"ஒருத்தி மயங்குனதுக்கு மில்லை நிறுத்த முடியுமாட்டி?" பூவனலிங்கம் அங்கிருந்தே கத்தினான். "வெளிய தூக்கிட்டுப் போயித் தண்ணியத் தெளி. மத்தவளுக கையப் பாத்து வேலையச் செய்யுங்க."

பஞ்சைச் சிப்பமாக அழுத்திக் கட்டும் பிரஸ்ஸில் வேலை செய்யும் கிறிஸ்துராஜ், நேசம்மாளின் அக்கா மகன், ஓடி வந்து அவளைத் தூக்கினான். வேப்பமரத்தடியில் பானைத் தண்ணீர் முழுவதையும் அவள் மேல் ஊற்றினார்கள். மாட்டுவண்டி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முதலாளி செண்பகராஜ் ஆபீஸ் படியில் நின்று பார்த்தார். இறங்கி வரவில்லை.

"வயசான உசுரு. வெறும் வயித்தோட வந்திருப்பா," என்றார். "வெக்கையாம் வெக்கை. தூரம் நின்ன பொம்பளைக்கு உடம்பு மரத்துப் போயிரும். சூடு தெரியாது. அதனாலதான் எங்கப்பா அவளுகளை அங்கன போட்டாரு. சாமிக்கும் ஆச்சு, வேலைக்கும் ஆச்சு."

பெத்தம்மாளுக்குப் பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மரத்துப் போகாது, நூறு மடங்கு கூடத்தான் தெரியும் என்று சொல்ல வேண்டும். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கேட்டால் மாட்டிக்கொள்வாள். அவள் வாயை மூடிக்கொண்டாள். செத்தவளின் காலடியில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருந்த அந்த நேரம், பிறகு அவளை ஒரு ராத்திரியும் தூங்கவிடவில்லை.

முதலாளி வீட்டிலிருந்து, செத்தவள் மேல் போர்த்த ஒரு கோடித் துணி வந்தது. பெத்தம்மாள் அதை விரித்துப் பார்த்தாள். நேசம்மாள் அரைத்த பஞ்சில் நெய்ததாகக்கூட இருக்கலாம். மடித்து, கொண்டுவந்த ஆளிடமே திருப்பிக் கொடுத்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் மண் தள்ளி முடிந்து, வேலைக்குத் திரும்பி நாலைந்து நாளாயிற்று. ஒரு காலையில் பூவனலிங்கம் வாசலில் அவளை நிறுத்தினான்.

"சுத்தமா?"

"சுத்தந்தான்."

"எப்படி?" அவன் பல்லிடுக்கில் குச்சியைக் குத்தியபடி கேட்டான். "உனக்குப் போன வெள்ளிக்கிழமையே வந்திருக்கணுமே."

பெத்தம்மாளுக்குச் சுருக்கென்றது. துக்கத்தில் அவள் தூரம் என்று பொய் சொல்ல மறந்துபோயிருந்தாள்.

"தள்ளிப் போயிருக்கு."

"தள்ளிப் போகல. நின்னுபோச்சு. மூஞ்சி செவந்து செவந்து வேர்க்கிறதைத்தான் நானும் ரெண்டு மூணு மாசமாப் பாக்கேனே." அவன் சிரித்தான். "நேசம்மா மிஷின் சும்மாதான் கிடக்கு. போயி நில்லு."

நின்றாள். அன்று காலை முழுவதும் நின்றாள். முதுகுக்குப் பின்னால் சுவர் மூச்சு விட்டது. ஒவ்வொரு முறை பாய்லர் வாயில் பருத்திமார் தள்ளும்போதும் முதுகுத் தோல் சுருங்கியது. காந்தல் வரும்போது எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை. சுவரும் சுட்டது, மிஷினும் சுட்டது. மாடத்தில் இருந்த சாமிக்கு மட்டும் எண்ணெய் வைத்துக் குளுகுளுவென்று துடைத்திருந்தார்கள்.

அவள் மடியில், வெற்றிலைப் பைக்குள் ஒரு தீப்பெட்டி இருந்தது. வாசலில் ஆண்களிடம் மட்டும்தான் தீப்பெட்டி தேடுவார்கள். பெண்களிடம் கேட்பதற்கு அவர்களுக்கு வேறு கேள்வி இருந்தது.

முன்னால் வெள்ளை வெளேரென்று பஞ்சுக் குவியல். ஒரு குச்சி போதும். கொழுந்து விட்டெரிந்து, கூரை இறங்கி, பாய்லரும் சாமியும் ஆபீஸ் படியும் ஒன்றாய்க் கரிந்து போகும். வெக்கை என்றால் என்ன என்று செண்பகராஜுக்கு அன்றைக்குத் தெரியும். நினைக்க நினைக்க இனித்தது. கை தானாக மடிக்குப் போனது. பெட்டியின் சொரசொரப்பு விரலில் பட்டது.

அப்போது பின்கழுத்தில் சில்லென்று ஏதோ விழுந்தது. திரும்பிப் பார்த்தாள். ரசியா. புருஷனை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு மில்லே கதியென்று நிற்கிற சின்னப் பெண். வெளியே போய்வருகிற சாக்கில் முந்தானையைப் பானையில் நனைத்து, மேஸ்திரி பார்க்காமல் கொண்டுவந்து பிழிந்துவிட்டிருந்தாள்.

"பெத்தக்கா, நிமிராதீங்க. அவன் பாக்கான்," என்றாள். குனிந்து கூடையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு தன் மிஷினுக்குப் போனாள். அவள் மிஷின் பஞ்சுக் குவியலுக்கு நேர் பின்னால் இருந்தது.

பெத்தம்மாள் கையை மடியிலிருந்து எடுத்தாள்.

மத்தியானச் சங்கு ஊதியதும் வேப்பமரத்தடியில் பெண்கள் கஞ்சிச் சட்டியைத் திறந்தார்கள். அவள் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். ஐப்பசியில் நின்றதை, மாதாமாதம் பொய் சொன்னதை, செத்தவள் காலடியில் வாயை மூடியிருந்ததை, மடியிலிருந்த தீப்பெட்டியை.

கிறிஸ்துராஜ் பிரஸ் பக்கமிருந்து வந்து கேட்டுக்கொண்டிருந்தான். "எரிச்சிருந்தா அவருக்கு இன்சூரன்சு வரும் சித்தி. புது மில்லே கட்டிருவாரு. உங்களுக்கு ஜெயிலு. மத்தவளுகளுக்குப் பட்டினி."

"தெரியுதுடா. அதனாலதான் இங்கன உக்காந்திருக்கேன். ஆனா என் நெஞ்சு ஆறல. எங்க வயசுக்காரிகளை அந்தச் சுவரோரத்துலருந்து எடுக்க வைக்காம அவரைச் சும்மா விடுததா இல்ல."

 இரண்டாவது வரிசைப் பெண் ஒருத்தி கஞ்சியைப் பார்த்தபடியே, "எனக்கும் மாசியிலேயே நின்னுட்டு," என்றாள். இன்னொருத்தி, "எனக்கு ஒரு வருசம்," என்றாள். "அடிப்பாவி, போன வாரம் வயித்து வலின்னு உருண்டியே," என்று பக்கத்திலிருந்தவள் கேட்க, "உருண்டு காட்டலைன்னா நம்புவானா?" என்று அவள் சொல்ல, சிரிப்புப் பரவியது. நேசம்மாள் போன பிறகு அந்த மரத்தடியில் கேட்ட முதல் சிரிப்பு அது.

பாண்டியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவள்.

"எல்லாஞ் சரி அத்தை. உங்களை எடுத்துட்டா அங்கன யாரை நிறுத்துவான்? எங்களைத்தான். நான் எதுக்குப் போயி வேகணும்?"

"நீயும் ஒரு நாள் அங்கனதான் வந்து நிப்ப," என்றாள் பெத்தம்மாள். அவள் குரலில் கோபமில்லை. "உனக்கு நிக்கிற வரைக்கும் அந்த மிஷின் காத்துக்கிட்டு இருக்கும். அன்னைக்கு உன் உடம்பு இப்ப இருக்கிற மாதிரி இருக்காதுட்டி. இன்னைக்கு நீ தாங்குத வெயிலு அன்னைக்கு உன்னையக் கொன்னுரும். நேசம்மாக்காவும் ஒரு காலத்துல மூட்டையத் தூக்கிட்டு ஓடுனவதான்."

பாண்டியம்மாள் சட்டியில் விரலை வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். கடைசியில், "சன்னலைத் தொறந்துவிட்டா, அரை நாளு அரை நாளா மாத்தி மாத்தி நிக்கலாம்," என்றாள். "சின்னவளுக நாங்க நிக்கோம்."

"சாமி?" என்று யாரோ இழுத்தார்கள்.

ரசியா வாயைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு உங்க மாடன் யாருன்னே தெரியாது. ஆனா என் தூரக் கணக்கு மட்டும் அவருக்குத் தெரியணுமாம். இத்தனை வருசமா நாம சொன்ன பொய்யெல்லாம் பொறுத்தவரு, இதையும் பொறுப்பாரு."

அந்தப் பேச்சில்தான் பெத்தம்மாளுக்குப் பொறி தட்டியது. அவள் மெதுவாகச் சொன்னாள்: "இத்தனை நாளும் அந்தப் பொய்யை ஒவ்வொருத்தியும் தனித்தனியாச் சொன்னோம். பயந்து பயந்து சொன்னோம். எல்லாரும் ஒரே நாள்ல சேந்து சொன்னா?"

மறுநாள் விடியலில் முதல் சங்கு ஊதியது. ரயில் நிலையத்தில் தூத்துக்குடிக்குப் போகும் வேகன் காத்திருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் சிப்பம் ஏற வேண்டும். அதனால் முதலாளியும் காரில் நேரத்தோடு வந்து இறங்கியிருந்தார்.

"சுத்தமா?" என்றான் பூவனலிங்கம்.

"தூரம்," என்றாள் ரசியா.

"அங்கிட்டுப் போ. அடுத்தவ. சுத்தமா?"

"தூரம்," என்றாள் பாண்டியம்மாள்.

"நீ?"

"தூரம்."

"தூரம்."

பூவனலிங்கத்தின் பல்குச்சி கீழே விழுந்தது. இஞ்ஞாசியம்மாள் முறை வந்தது. பல்லெல்லாம் போன கிழவி; சாமி வரிசையில் முதன்முதலாக நிறுத்தப்பட்டவர்களில் ஒருத்தி.

"நீயாவது உள்ள போ, கெழவி."

"எனக்குந்தான்."

"உனக்கு நின்னு பதினஞ்சு வருசமாச்சேட்டி."

"கோவிச்சுக்கிட்டுப் போயிருந்துச்சு. நேத்துத் திரும்பி வந்துட்டு," என்றாள் கிழவி.

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். செண்பகராஜ் வேகமாக வாசலுக்கு வந்தார்.

"என்ன கூத்துலே இது?"

"எல்லாரும் தூரம்னு சொல்லுதாளுக முதலாளி."

"எல்லாருமா? ஒரே நாள்லயா? பொய் சொல்லுதாளுக. உள்ள அனுப்பு."

பெத்தம்மாள் முன்னால் வந்தாள். "பொய்யின்னா அனுப்புங்க முதலாளி. நேரா மாடன் முன்னால போயி நிக்கோம். உண்மையா இருந்துட்டா, நீங்களாச்சு அவராச்சு."

செண்பகராஜின் கண் தன்னையறியாமல் பாய்லர்ப் பக்கம் போனது. புகைபோக்கியிலிருந்து புகை நேராக எழுந்துகொண்டிருந்தது. அவர் அப்பாவுக்கு அந்த வெடிப்பில் ஒரு பக்கக் காது கேட்காமல் போனது. மேஸ்திரி கதவை முழுக்கத் திறக்கப் போனான். "பொறுலே," என்று முதலாளி அவன் கையைப் பிடித்தார்.

அந்த ஒரு சொல்லுக்காகவே அவள் ராத்திரியெல்லாம் விழித்திருந்தாள். அவர் சட்டமே அவர் கையைப் பிடித்துக்கொண்டது.

"என்னட்டி வேணும் உங்களுக்கு?"

"அடைச்ச சன்னலை இடிக்கணும். தண்ணிப் பானை உள்ள வரணும். எங்க வயசுக்காரி எவளும் அந்தச் சுவரோரம் நிக்க மாட்டா. சின்னவளுக அரை நாளு அரை நாளா மாறி மாறி நிப்பாளுக. வாசல்ல நின்னு இந்தக் கேள்வி கேக்குதது இன்னையோட போகணும். நேசம்மாக்கா வயசுல சாகல, வெக்கையில செத்தான்னு நீங்க வாயத் தொறந்து சொல்லணும்."

"சொல்லலைன்னா? கடம்பூர்ல இருந்து ஆளு கொண்டாந்து ஓட்டுவேன்."

"கொண்டாங்க," என்றாள் ரசியா. "அவளுகளையும் மேஸ்திரி வாசல்ல கேப்பாருல்லா. என்ன பதில் சொல்லணும்னு நாங்க சொல்லிக் குடுக்கோம்."

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றாள் பெத்தம்மாள். இது மரத்தடியில் பேசாதது. மற்றவர்கள் திரும்பி அவளைப் பார்த்தார்கள். "உங்களுக்கும் ஏறக்குறைய நேசம்மாக்கா வயசுதான முதலாளி. ஒரே ஒரு நாளு, காலைச் சங்குக்கும் மத்தியானச் சங்குக்கும் நடுவுல, அக்கா மிஷின்ல நீங்க நில்லுங்க. முதுகு சுவரைப் பாத்து இருக்கணும். வாயில துணி கட்டியிருக்கணும். தண்ணி கேக்கக் கூடாது. மரத்துப் போன உடம்பு எப்படி இருக்குன்னு இறங்கி வந்து எங்ககிட்டச் சொல்லுங்க. அதுக்குப் பெறகு உங்க ஞாயத்தைக் கேக்கோம்."

செண்பகராஜின் முகம் சிவந்து வேர்த்தது. அவர் கைக்குட்டையை எடுத்தார். பெத்தம்மாள் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே பிரஸ் கட்டைகளின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. கிறிஸ்துராஜும் மற்ற ஆண்களும் முற்றத்தைத் தாண்டி வாசலுக்கு வெளியே வந்தார்கள். பாய்லர்காரரும் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தார்.

"பருத்திமார் நெறைய கிடக்கு முதலாளி. தள்ளத்தான் ஆளில்ல," என்றான் கிறிஸ்துராஜ்.

"மூணு நாள்ல பசி வந்து நீங்களே வருவீங்க," என்று சொல்லிவிட்டுச் செண்பகராஜ் காரில் ஏறினார். பூவனலிங்கம் கதவைச் சாத்தினான். உள்ளே அவன் மட்டும்தான் இருந்தான்.

வெயில் ஏறத் தொடங்கியது. வேப்பமரம் மில் காம்பவுண்டுக்குள் மாட்டிக்கொண்டதால் சாலையோரத்தில் நின்ற முள் உடைமரத்தின் கீழ் உட்கார்ந்தார்கள். அதன் நிழல் எல்லாருக்கும் போதவில்லை. கேட்காமலே இளம்பெண்கள் வெயிலில் நகர்ந்து, வயதானவர்களை உள்ளே தள்ளிவிட்டார்கள். அங்கிருந்து பார்த்தால் மில்லின் பக்கச் சுவர் தெரிந்தது. பழைய சுண்ணாம்புக்கு நடுவே புதுச் செங்கல், ஒரு சன்னலின் அளவுக்கு.

பெத்தம்மாளுக்குக் காந்தல் வந்தது. நெஞ்சில் தொடங்கிக் கழுத்துக்கு ஏறியது. இந்தத் தடவை அவள் அதை மறைக்கவில்லை. முந்தானையை இறக்கி, கழுத்தைக் காற்றுக்குக் காட்டி, "வந்துட்டு," என்றாள்.

பாண்டியம்மாள் நனைத்த துணியைக் கொண்டுவந்து அவள் பிடரியில் போட்டாள். இன்னொருத்தி பனையோலை விசிறியை வீசினாள்.

வீடு வீடாகப் பிடியரிசி வாங்கிக்கொண்டு ரசியா வந்து சேர்ந்தாள். மூன்று கல்லைக் கூட்டிப் பானையை ஏற்றினார்கள். சுள்ளியும் இருந்தது. "தீப்பெட்டி யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டாள் ரசியா; கேட்டுவிட்டுத் தானே சிரித்தாள்.

பெத்தம்மாள் மடியிலிருந்து பெட்டியை எடுத்தாள். ஒரு குச்சியைக் கிழித்துச் சுள்ளியில் வைத்தாள். மீதிக் குச்சிகளோடு பெட்டியைத் திரும்ப மடியில் செருகிக்கொண்டாள்.

"நாளைக்கும் வேணும்," என்றாள்.

மில் புகைபோக்கியில் புகை மெலிந்துகொண்டே வந்தது. மத்தியானச் சங்கு ஊத அன்று நீராவி இல்லை.